வெள்ளையும் கலர்தான்

அச்சகத்தில் அவனை எல்லாரும் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். தலையில் பாதி நரைத்து, வயிறு சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற ஆளுக்கு இது பொருத்தமான பெயரா என்றால், இல்லைதான். அக்கா ஒருமுறை ஏதோ அவசரம் என்று அச்சகத்துக்கு வந்து, மெஷின் சத்தத்தையும் மீறி "தம்பீ!" என்று ஒரு கத்துக் கத்தினாள். அன்றோடு அவனுடைய சொந்தப் பெயர் போயே போய்விட்டது. முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார். இத்தனைக்கும் அவர் அவனைவிடச் சின்னவர்.

தம்பி ஓட்டுவது நாலு கலர் ஆஃப்செட் மெஷின். சோப்பு உறை, பிஸ்கட் அட்டை, மருந்துப் பெட்டி எல்லாம் அதில்தான் அச்சாகி வெளியே வரும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு மையும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழ வேண்டும். பிசகினால் அட்டையில் சிரிக்கிற குழந்தைக்கு இரண்டு மூக்கு முளைத்துவிடும். அந்த வேலையில் அவன் கெட்டிக்காரன், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கூடத்தில் சூடு. காகிதத் தூசி தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும், தாகம் எடுத்தபடியே இருக்கும். தண்ணீர் என்று ஒரு வஸ்து உலகத்தில் இருப்பதே தம்பிக்கு மறந்துபோயிருந்தது. காலையில் கறுப்பு, மத்தியானம் ஆரஞ்சு, சாயங்காலம் சிவப்பு. குளிர்ந்த பாட்டிலைத் திருகி அந்தப் 'புஸ்ஸ்' சத்தத்தைக் கேட்டால்தான் மனிதனுக்குக் கையே ஓடும்.

"ஏம்பா, மெஷினுக்கு நாலு கலர், உனக்கு மூணுதானா? இன்னொண்ணு எப்போ?" என்று கட்டிங் மெஷின்காரர் கிண்டலடிப்பார்.

"மஞ்சள் கடையில தீர்ந்துடுச்சுண்ணே. வந்ததும் நாலாக்கிடுவேன்."

இப்படிச் சிரித்துக்கொண்டு திரிந்தவன் தலையில்தான் இடி விழுந்தது. அக்காவின் ஈரல் கெட்டுப்போய்விட்டது. அவள் எதையும் குடித்தோ தின்றோ கெடுத்துக்கொள்ளவில்லை. அவள் உடம்பே அவளுடைய ஈரலைப் பகையாளி என்று நினைத்துக்கொண்டு வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிட்டதாம். என்ன அநியாயம் பாருங்கள்! மருந்தால் இனி ஆகாது, யாராவது ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால்தான் பிழைப்பாள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அது மறுபடி வளர்ந்துவிடுமாம். மாமாவுக்கு, அதாவது அக்காவின் புருஷனுக்கு, ரத்தம் பொருந்தவில்லை. தம்பிக்குப் பொருந்தியது.

"எடுத்துக்கங்க," என்று தம்பி உடனே சொன்னான். வாய் சொன்னதே தவிர உள்ளுக்குள் உதறல்தான். ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் அவன். ஆனால் அக்கா இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தான். அதைவிடக் கத்தி பரவாயில்லை என்று தோன்றியது.

அக்காதான் முரண்டு பிடித்தாள். "வேண்டாம்டா. நான் வாழ்ந்தது போதும். உன்னை வெட்டித்தான் நான் எழுந்து உட்காரணுமா? போய் வேலையைப் பாரு" என்றாள். பார்க்கும்போதெல்லாம் இதே பல்லவிதான்.

டாக்டரம்மா அவனுடைய ஸ்கேனைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உங்க ஈரல்ல கொழுப்பு எக்கச்சக்கமா இருக்கு. இப்படியே எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, அவங்களுக்கும் அது ஒழுங்கா வேலை செய்யாது."

"டாக்டர், நான் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லையே!"

"சாராயம்தான் ஈரலைக் கெடுக்கணுமா? நாள் முழுக்க வேற என்ன குடிப்பீங்க?"

தம்பி கறுப்பு, ஆரஞ்சு, சிவப்பு என்று ஒப்பித்தான். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அடப்பாவமே! இந்த கலர் குடிக்கிறதை இன்னையோட விடுங்க. அதுதான் உங்க ஈரலை இந்தப் பாடு படுத்தியிருக்கு. தினமும் நடங்க. விட்டீங்கன்னா தானா கரைஞ்சிடும். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் பார்ப்போம். அதுக்குள்ள குறைஞ்சே ஆகணும், அக்காவுக்கு நேரம் அதிகம் இல்ல" என்றார். அதற்குள் போன் அடித்தது, கதவருகே அடுத்த ஆள் வந்து நின்றாயிற்று.

தம்பி அன்று மத்தியானம் மெஷின் பக்கத்தில் நின்று இதையே யோசித்தான். கலர். வாஸ்தவம்தானே! மை கையில் பட்டாலே லேசில் போவதில்லை, நகக்கண்ணில் ஒரு வாரம் நிற்கிறது. அப்படியிருக்க, நாள் தவறாமல் கறுப்பையும் சிவப்பையும் வயிற்றுக்குள் ஊற்றினால் உள்ளே படியாமல் என்ன செய்யும்? நல்லவேளை, டாக்டரம்மா கண்ணைத் திறந்துவிட்டார் என்று நினைத்தான். சாயங்காலம் கடைக்குப் போனான். கடைக்காரர் பழக்கதோஷத்தில் சிவப்பு பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"அது வேண்டாம்ணே. கலர் இல்லாதது குடுங்க."

கடைக்காரர் எலுமிச்சை வாசனை போட்ட, பளிங்கு போலத் தெளிந்த வெள்ளை பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். தம்பி அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். மறுபக்கம் கடைக்காரர் முகம் அப்படியே தெரிந்தது. ஒரு பொட்டு கலர் கிடையாது. அச்சடிக்கிறவனுக்கு வெள்ளை என்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். வெள்ளைக்கென்று அவன் மெஷினில் மையே கிடையாது, வெறும் காகிதம்தான் வெள்ளை. தம்பி நிம்மதியாக மூடியைத் திருகினான்.

அவன் மனைவிக்கு மட்டும் லேசாகச் சந்தேகம் தட்டியது. "ஏங்க, இது மட்டும் என்னவாம்? இதுவும் அதே கம்பெனிதானே?"

"டாக்டர் என்ன சொன்னாங்க? கலர் குடிக்காதீங்கன்னாங்க. இதுல கலர் இருக்கா, காட்டு பார்ப்போம்."

அவளும் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கலர் இல்லைதான். டாக்டர் வாயிலிருந்து வந்த வார்த்தைக்கு மேல் நாம் என்னத்தைக் கண்டோம் என்று விட்டுவிட்டாள்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும், தம்பி பாடுபட்டான். விடியற்காலையில் எழுந்து மூச்சு வாங்க வாங்க நடந்தான். பிஸ்கட்டை விட்டான், பொரித்ததை விட்டான், இரண்டாம் முறை தட்டில் போட்டுக்கொள்வதை விட்டான். கண்ணெதிரே கறுப்பு பாட்டில் குளிர்ந்து வியர்த்து நிற்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அதற்கெல்லாம் சேர்த்து ஈடுகட்டுகிற மாதிரி வெள்ளையைக் குடித்தான். முன்பாவது குற்ற உணர்ச்சி என்று ஒன்று கையைப் பிடித்து இழுக்கும். இப்போது அதுவும் இல்லை. அனுமதி கிடைத்த சந்தோஷத்தில், முன்னே குடித்ததைவிட அதிகமாகவே உள்ளே போயிற்று.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்கு மாமாவும் கூட வந்தார். மாமா பஸ் டிரைவர். ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று யாரோ அளந்து கொடுத்த மாதிரி பேசுகிறவர். தம்பி பரீட்சை நன்றாக எழுதிவிட்ட பையனைப் போல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மறுபடியும் ஸ்கேனைப் பார்த்தார்.

"கொழுப்பு குறையவே இல்லையே. கொஞ்சம் கூடியிருக்கு. நீங்க விடலையா?"

"ஐயோ டாக்டர், சத்தியமா ஒரு சொட்டு கலர் தொடல!"

"தொடாம இப்படி வராதுங்க."

மாமா எழுந்து வெளியே போனார். தம்பி பின்னாலேயே ஓடினான். வராந்தாவில் ஜன்னலோரமாக நின்றுகொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே மாமா பேசினார்.

"பயமா இருந்தா பயம்னு சொல்லியிருக்கலாம் தம்பி. யாரும் உன்னைத் தப்பா நினைச்சிருக்க மாட்டாங்க. கொடுக்கிறேன்னு சொல்லிட்டு, இந்தப் பக்கம் குடிச்சுக்கிட்டே... ரெண்டு மாசம் போச்சு. அவளுக்கு இருக்கிறதே கொஞ்ச நாள். வேற யாரையாவது தேடியிருப்பேன்ல?"

மாமா இவ்வளவு நீளமாகப் பேசி அவன் கேட்டதே இல்லை. ஓர் அறை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. 'நான் பொய் சொல்லல மாமா' என்று சொல்ல நினைத்தான், அதற்குள் தாகம் முந்திக்கொண்டது. பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். கை தன் பாட்டுக்குப் பைக்குள் போயிற்று, பாட்டிலை எடுத்துத் திருகியது. புஸ்ஸ்.

மாமா திரும்பினார். "அது என்ன?"

"வெள்ளை, மாமா."

"வெள்ளைன்னா?"

"கலர் இல்லாதது. டாக்டர் கலர்தானே கூடாதுன்னாங்க? நான் இது மட்டும்தான் குடிக்கிறேன்."

மாமா பாட்டிலைப் பிடுங்கி ஒரு வாய் ஊற்றிக்கொண்டார். முகம் கோணியது. "இது பாகுடா!" என்றார். அவன் மணிக்கட்டைப் பிடித்து, திருடனை இழுத்துப் போவதுபோல, காத்திருந்த ஜனங்களையெல்லாம் தாண்டி டாக்டர் அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். பாட்டில் மேஜைமேல் உட்கார்ந்தது.

"இதைத்தான் குடிச்சிருக்கான். இதுல கலர் இல்லையாம்."

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு வந்துவிட்டது, அதை அடக்கவும் செய்தார், அடங்கியதும் கண்ணில் ஒரு கவலை வந்தது.

"தப்பு என்னோடதுங்க. எங்க வீட்டுல பாட்டில்ல அடைச்சு கேஸ் ஏத்தி வர்ற எல்லாத்துக்கும் கலர்னுதான் பேரு. சின்ன வயசுலருந்து அப்படிச் சொல்லியே பழகிட்டேன். வெள்ளையும் கலர்தான்! சாயம் இல்லங்க, சர்க்கரைதான் பிரச்சினை. இந்த ஒரு பாட்டில்ல பத்து ஸ்பூனுக்கு மேல இருக்கும். மென்னு திங்கிற பழம் மெதுவா உள்ள இறங்கும். இது குடிச்ச வேகத்துல மடமடன்னு ஈரலுக்குப் போய்ச் சேருது. அது தனியா எவ்வளவுதான் சமாளிக்கும்? முடியாததைக் கொழுப்பா மாத்தி அங்கேயே மூட்டை கட்டி வெச்சுடுது. வயிறும் நிறையாது, பல்லும் போகும், சர்க்கரை நோயும் வரும். பாக்கெட் ஜூஸும் இதே கதைதான்."

"அப்ப நான் ரெண்டு மாசமா..." என்று இழுத்தான் தம்பி. அக்காவின் ரெண்டு மாசம். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதும்விட்டான். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு மாசம் தாங்குவாளா டாக்டர்?" என்று மாமா கேட்டார்.

"மருந்து கொடுத்துத் தாங்க வைக்கப் பார்ப்போம். உறுதி சொல்ல மாட்டேன். ஆனா ஈரல் நல்ல மனசுக்காரப் பிராணி. தொந்தரவை நிறுத்தினா சீக்கிரமே தேறிடும்."

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தம்பி வழியெல்லாம் தவித்தான். கடைசியில் மாமாதான் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். அக்கா தலையணையில் சாய்ந்தபடி கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ வலிக்குதே, அவனை வெளியே அனுப்புங்க" என்று கெஞ்சினாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று! சிரிப்பு ஓய்ந்ததும் பழைய பல்லவியை எடுத்தாள். "போதும்டா. ஆண்டவனே வேண்டாங்கிறான் போல. விட்டுடு."

"விடமாட்டேன் போ" என்றான் தம்பி.

முதல் வாரம் நரகம். காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. மெஷினில் காகிதம் சிக்கினால் மெஷினைத் திட்டினான், சிக்காவிட்டால் காகிதத்தைத் திட்டினான். கட்டிங் மெஷின்காரர் இரண்டு அடி தள்ளியே நின்றார். வெறும் தண்ணீரைக் குடித்தால் தாகம் போயிற்று, ஆனால் ஏதோ குறைந்தது. என்ன குறைகிறது என்று அவன் மனைவிதான் கண்டுபிடித்தாள்.

"உங்களுக்கு வேண்டியது இனிப்பில்லங்க. அந்தத் தொண்டையில சுர்ருன்னு இறங்குதே, அதுவும் ஜில்லுன்னு இருக்கிறதும்தான். வெறும் சோடாவுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு தரேன், குடிச்சுப் பாருங்க. சர்க்கரை கேட்டீங்கன்னா கரண்டி பறக்கும்."

குடித்தான். புளிப்பில் ஒரு கண் மூடிக்கொண்டது. "என்னடி இது, தண்டனையா?"

"ஆமா, குடிங்க."

டாக்டரம்மாவைக் கேட்டதில், இனிப்புச் சேர்க்காத சோடாவை அளவோடு குடித்தால் தப்பில்லை, ஆனால் முக்கால்வாசி தண்ணீராகவே இருக்கட்டும் என்றார். அதன் பிறகு அவள் விதவிதமாகப் போட்டுக் கொடுத்தாள். ஒரு நாள் ஜாடித் தண்ணீரில் புதினாவைக் கசக்கிப் போட்டாள், ஒரு நாள் வெள்ளரிக்காயை வட்டம் வட்டமாக நறுக்கி மிதக்கவிட்டாள், ஒரு நாள் ஆரஞ்சுத் துண்டு. சர்க்கரை போடாத தேயிலைத் தண்ணீரை ஆறவைத்து ஐஸ் போட்டுக் கொடுத்தது அவனுக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று. அச்சகத்துக்குப் பெரிய ஜாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனான். கட்டிங் மெஷின்காரர் எட்டிப் பார்த்து, "என்னப்பா, மீன் தொட்டியை எடுத்துட்டு வந்துட்டே?" என்றார். மத்தியானத்துக்குள் அதில் பாதியை அவரே காலி செய்துவிட்டார்.

காலையில் நடக்கப் போகலாம் என்று கதவைத் திறந்தால் வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். டியூட்டி உடுப்போடு.

"வா" என்றார்.

இருவரும் நடந்தார்கள். மறுநாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை, தம்பியும் கேட்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தே பழகிய கால் அவருக்கு, மேடு வந்தால் முட்டி வலிக்கும். ஆனாலும் திரும்பிப் போகலாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு நாள் மனைவி வெட்டி வைத்த ஆப்பிளில் ஒரு துண்டை வாயில் போட்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏய், இதுல சர்க்கரை தூவுனியா?"

"ஆப்பிள்ல எவனாவது சர்க்கரை தூவுவானா? நாக்கு இப்பதான் வேலைக்கு வருது உங்களுக்கு."

சட்டைப் பொத்தான்கள் சண்டையை நிறுத்திவிட்டன. மத்தியானம் மெஷினருகே வருகிற தூக்கம் வரவில்லை. ஆனால் அக்கா இளைத்துக்கொண்டே போனாள். ஒருமுறை நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் சேர்த்து, தெளிந்து திரும்பினாள். அன்றைக்கு மட்டும் தம்பிக்குக் கடைவாசலில் கால் நின்றது. கறுப்பு பாட்டில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. குடித்தால் மனசு கொஞ்சம் அடங்கும் என்று நன்றாகத் தெரியும். நின்று பார்த்தான். பிறகு மாமாவுக்குப் போன் போட்டு, "மாமா, சும்மா ஏதாவது பேசுங்க" என்றான். மாமாவுக்குப் பேசத் தெரியாது. பஸ் எந்தெந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். தம்பி அதைக் கேட்டுக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தான்.

மூன்றாவது ஸ்கேன். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். தம்பி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தான், இந்த முறை நிமிரத் தைரியம் இல்லை.

"கரைஞ்சிருக்கு" என்றார். "நல்லாவே கரைஞ்சிருக்கு. போதுமான அளவு குறைஞ்சாச்சு. தேதி குறிக்கலாம்."

மாமா தம்பியின் தோளில் கையைப் போட்டார். போட்ட கையை எடுக்கவே இல்லை. மாடிப்படி இறங்கி, பஸ் ஏறி, அக்காவின் தெருமுனை வரும்வரை அது அங்கேயே இருந்தது.

"நீ போய்ச் சொல்லு," என்றார் வாசலில். "நான் செருப்பைக் கழட்டிட்டு வரேன்." செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் யாருக்கு வேண்டும்?

அக்கா ஜன்னலோரக் கட்டிலில் மடிமேல் துணியைப் போட்டுக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு துணிக்கு ஒருமுறை கை களைத்து நின்றது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான். 'வேண்டாம்டா' வரும் என்று காத்திருந்தான். எதிர்த்துப் பேச வேண்டியதையெல்லாம் வழியிலேயே தயாராக வைத்திருந்தான்.

அக்கா கையிலிருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நிஜமாவா?"

"நிஜமாக்கா."

"உனக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாதுன்னு சொல்றாங்க. எனக்குப் பயம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் வரேன்."

அக்காவின் முகம் கோணிக்கொண்டு வந்தது. துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் அழுது அவன் பார்த்ததில்லை. நோய் வந்த அன்றுகூட அவனைத் தேற்றியவள் அவள்தான்.

"வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன்ல, அதெல்லாம் பொய்டா," என்றாள் துண்டுக்குள்ளிருந்தே. "உனக்கு முடியாமப் போனா நீ உடைஞ்சு போயிடுவேன்னுதான் அப்படிச் சொன்னேன். ராத்திரியெல்லாம் வேண்டிக்கிட்டே கிடந்தேன். எனக்கு வாழணும்டா. ரொம்ப ஆசையா இருக்கு."

தம்பி துண்டை மெல்ல விலக்கினான்.

"இதை ஏன் எங்கிட்ட மெதுவாச் சொல்றே? வாசல்ல ஒருத்தர் செருப்பைக் கழட்டிக்கிட்டே நிக்கிறாரு. அவருக்குக் கேட்கிற மாதிரி சொல்லு."

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு வாழணும்ங்க!" என்று கத்தினாள்.

வெளியே மாமா சத்தமாக அழத் தொடங்கினார்.